எர்த்

எனக்குக் கொடுத்த வேலை
தீயணைப்பானைப் பிடித்துக்கொண்டு நிற்பது.
இறக்கை நுனிக்குப் பின்னால், காற்று வரும் பக்கம்,
ஊசியைக் கழற்றிய கையோடு.
எட்டு சனிக்கிழமைகள் நின்றேன்.
வின்னிபெக் ஏரிக் காற்று
சட்டைக்குள் கைவிட்டு விலா எலும்பை எண்ணும்.

உள்ளே சிக்ரூன்.
இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்த்தவள்.
ஒன்பது குளிர்காலம் ரிவெட் ரிவெட்டாக இதைக் கட்டினாள்.
மூக்கில் மட்டும்
எங்கோ கவிழ்ந்த ஒரு மஸ்டாவின் எஞ்சின்.

பிஸ்டன் கிடையாது. வால்வு கிடையாது.
இடுப்பு சிறுத்த அறைக்குள்
மூன்று மூலை உள்ள இரும்பு ஒன்று
சுவரை நக்கிக்கொண்டே சுற்றும்.
அப்படி இரண்டு.
"கெடுறதுக்கு உள்ள ஒண்ணுமே இல்ல, ஓரெஸ்ட்" என்பாள்.
ஆகவே கோளாறு வெளியே.
வெளியே என்பது பெரிய இடம்.

ஆயிரத்து எண்ணூறில் தையல் மிஷின்.
மூவாயிரத்தில் புல் படுத்துவிடும்.
நாலாயிரத்து இருநூறைத் தொட்டதும்
யாரோ நினைத்ததுபோல் புரையேறும்.
ஒரு இருமல், கொஞ்சம் கறுப்புப் புகை,
பின்னால் துப்பாக்கி மாதிரி ஒரு வெடி.
பக்கத்துக் குட்டை வாத்துகள் மொத்தமாக எழும்பும்.
அந்த மைதானத்தில் பறந்தவை அவை மட்டும்தான்.

முதல் வாரம் பெட்ரோல் வடிகட்டி.
அடுத்து நான்கு பிளக்குகள்: காபி நிறம், குறையில்லை.
காயில்களை இடம் மாற்றினாள்; இருமல் இடம் மாறவில்லை.
பம்ப் அழுத்தம் முப்பத்தெட்டு, முள் அசையவில்லை.
சென்சாரின் இரண்டு ஒயரைத் திருப்பிப்போட்ட அன்று
கிளம்பவே இல்லை, மறுபடி திருப்பினாள்.
எல்லாவற்றையும்
தூண்டில் கடைக் காலண்டரின் முதுகில் எழுதுவாள்.
மாற்றியது இன்னது. நடந்தது இன்னது.

ஐந்தாவது சனிக்கிழமை
எர்த் ஒயர் முடுக்கிய இடத்தில் டார்ச்சை வைத்துக் கேட்டாள்:
"இதுக்கு அடியில பெயின்ட்டச் சுரண்டினியா?"

சுரண்டினேன் என்றேன்.

அந்த எஞ்சின் தாங்கிக்கு வெல்டிங் வைத்தவன் நான்.
விரிசல் விட்டால் பளிச்சென்று தெரியட்டும் என்று
வெள்ளை அடித்தவனும் நான்.
இரண்டு கோட்.
போல்ட் துளையைச் சுற்றி ஒரு சொட்டு வழியாமல்,
முட்டை ஓடுபோல,
ஒருத்தரும் பார்க்காத இடத்தில்.
மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம்.
மறக்கவில்லை. மனசு வரவில்லை.

டார்ச் வேறு பக்கம் போயிற்று.

ஆறாவது வாரம் எஞ்சினின் கணினிப் பெட்டியைக் கழற்றி
செய்தவனுக்கே தபாலில் அனுப்பினாள்.
எண்பத்தொரு டாலர்.
குறையில்லை என்று திரும்பி வந்தது.
அன்றும் நின்றேன்,
எதுவும் எரியாத மைதானத்தில்
காது மட்டும் எரிய.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு.
நான் கெட்டிக்காரன் இல்லை, ஆனாலும்
என்னுடையது இருபத்தொரு நாள் தாங்கியது.
இரண்டு கோட் அல்லவா.

எட்டாவது சனிக்கிழமை, விடியும் முன்பே போனேன்,
சட்டைப்பையில் மடித்த உப்புத்தாளோடு.
அவள் வண்டி ஏற்கெனவே நின்றது.
கூடாரத்துள் ஒற்றை விளக்கு.
போல்ட் தட்டில் கிடந்தது.
அது இருந்த இடத்தில்
நாணயம் அகலத்துக்கு இரும்பு
பச்சையாக மினுங்கியது.

பையிலிருந்து துருத்திய தாளைப் பார்த்தாள்.
என்னைப் பார்க்கவில்லை.
"அந்தப் பதிமூணு ஸ்பானர எடு."

ஏழரைக்கு வெளியே உருட்டினோம்.
மூவாயிரம்.
நாலாயிரம்.
நாலாயிரத்து இருநூறில் நான் மூச்சுவிடவில்லை,
எஞ்சின் விட்டுக்கொண்டே போனது.
ஐயாயிரத்து முந்நூறு.
சக்கரக் கட்டைகள் மண்ணைக் கீறின.
குட்டையில் ஒரு வாத்தும் தலை தூக்கவில்லை.

காலண்டர் முதுகில் பிறகு பார்த்தேன்.
மாற்றியது: பெயின்ட்.
யாருடையது என்று எழுதவில்லை.
ஒன்று மட்டும் சொன்னாள்,
கையுறையைக் கழற்றிக்கொண்டே:
"அங்க மறுபடி அடிச்சிடாத."

அணைப்பானின் ஊசியைத் திரும்பச் செருகப் பார்த்தேன்.
விரல் விறைத்து
துளை அகப்படவில்லை.